அழகம்மாளின் இடது கண்

என் தம்பி முத்திருளனைப் பற்றிப் புத்தகம் போடுகிறோம் என்று வந்தவர்களில் மீனா நான்காவது ஆள். முதல் மூன்று பேரையும் காபி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒருவன், அவர் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பார் என்று கேட்டான். இன்னொருவன் மனநல மருத்துவமனைச் சீட்டு ஏதும் பத்திரமாக இருக்கிறதா என்றான். மூன்றாமவன் எதையும் கேட்கவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தான், மேலே பழைய படங்கள் கிடக்குமோ என்று.

மீனா உட்கார்ந்ததும் ஒரு தாளை நீட்டினாள். முத்திருளனின் வாழ்க்கை ஆண்டுவாரியாகத் தட்டச்சாகியிருந்தது.

"தப்பு இருந்தா திருத்திக் குடுங்கய்யா."

செக்கானூரணிக்குத் தெற்கே எங்கள் ஊரில் 1951இல் பிறந்தது, பதினாறு வயதில் சிம்மக்கல் பீமாராவ் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தது, சென்னைக்குப் போய் ஓவியம் படித்தது, டெல்லியில் பரிசு வாங்கியது, இரண்டு முறை மருத்துவமனையில் கிடந்தது, எல்லாம் சரியாகவே இருந்தன. கடைசி வரி இப்படி இருந்தது: '1990 முதல் 1994இல் இறக்கும்வரை வட இந்தியாவில் அலைந்ததாகக் குடும்பத்தார் கூறுகின்றனர்.'

"கூறுகின்றனர்னு எதுக்கும்மா? அலைந்தார்னே போட்டுரலாமே."

"நீங்க ஒருத்தர்தான சொல்றீங்க, அதான்" என்றாள் சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து அவளிடம் எண்ணித்தான் பேசினேன்.

அந்த வரி என்னுடையது. உண்மை இல்லை என்று தெரிந்தேதான் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். முத்திருளன் வடக்கே எங்கும் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, கீழக்குயில்குடிக் காலனியில், தங்கப்பொண்ணு என்பவளின் வீட்டில் அந்த நான்கு வருடமும் இருந்தான். அவளுடைய தகப்பன் சோணைமுத்து எங்கள் நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். புருஷனை இழந்து ஒரு பெண் குழந்தையோடு இருந்த அவளோடு போய்ச் சேர்ந்துகொண்டான் டெல்லியில் பரிசு வாங்கியவன். ஊரில் இதை யார் கேட்டாலும் நான் காசி என்றேன், கல்கத்தா என்றேன். கேட்டவர்களும் நம்பியதுபோல் தலையாட்டினார்கள். எங்கள் வகையறாவுக்குப் பெரியவன் நான். துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். என்னிடம் யாரும் திருப்பிக் கேட்டதில்லை.

இப்போது ஊர் வீட்டின் முன்கட்டை அவன் பெயரில் படக்கூடமாக மாற்றும் வேலை நடக்கிறது. தையில் திறப்பு. அன்றைக்கே புத்தகமும் வெளியாகும். அச்சில் ஏறிவிட்டால் அந்த வரி நிலைத்துவிடும். அதுவரைக்கும் காவல் காக்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

ஐப்பசி முதல் வாரம் மீனா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஐயா, இதுவரைக்கும் யாருமே பாக்காத படம் ஒண்ணு வந்திருக்கு. அவரு வரைஞ்சதுன்னு சொல்றாங்க. நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

"யாரு வச்சிருக்கா?"

"அரசு ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸ். பேரு பாண்டிச்செல்வி. கீழக்குயில்குடி."

மீனாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, என்னை இழுத்துப் பார்க்கிறாள் என்று பட்டது.

முத்திருளனின் படங்களில் போலி வருவது புதிது அல்ல. நான்கைந்து பார்த்திருக்கிறேன். அவனைப் போலக் கண் வரைய வராது, அதில் மாட்டிக்கொள்வார்கள். அந்தக் கண் அவனுக்குச் சென்னையில் கிடைத்தது அல்ல. உயிரோடு இருக்கும்போது போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் கேமராவுக்கு முன் நிற்க மாட்டார்கள். செத்த பிறகு நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு ஒன்று எடுப்போம். கண் மூடிய படத்தை எப்படிச் சுவரில் மாட்டுவது? அதற்குத்தான் பீமாராவ் ஸ்டுடியோ. படத்தின்மேல் தூரிகையால் கண்ணைத் திறந்து கொடுப்பார்கள். முத்திருளனுக்கு அதுதான் முதல் வேலை. செத்தவரை அவன் பார்த்திருக்க மாட்டான். மகனையோ மகளையோ உட்காரவைத்து, அவர் சிரித்தால் கண் எப்படிச் சுருங்கும், கோபம் வந்தால் எந்தப் பக்கம் பார்ப்பார் என்று விசாரித்து விசாரித்துத் திறப்பான். படத்தை வாங்கிப் பார்த்த பெண்கள் கடையிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பிற்பாடு டெல்லிக்காரர்கள் அவன் வரைந்த கண்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அது சிம்மக்கல்லில் பழகிய கை என்று அவர்களுக்குத் தெரியாது.

மீனா தங்கியிருந்த விடுதியின் கீழ்க்கூடத்தில் படத்தை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, வேலை முடிந்து நேரே வந்தவள் போல, கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். வணக்கம் என்றாள். உடனே உட்கார்ந்துகொண்டாள்.

படம் இரண்டு முழ அகலம் இருக்கும். சோளக்காடு. தட்டைகளுக்கு நடுவே என் தாய் அழகம்மாள், மார்பளவுக்கு. பாம்படம் இழுத்த காது, நெற்றித் தழும்பு, எல்லாம் இருந்தன. ஆனால் இடது கண்ணின் இமை பாதி சரிந்து கிடந்தது. அந்தக் கண்ணின் ஓரத்தில் கெட்டியாக, சுண்ணாம்புபோல், ஒரு வெள்ளைத் துளி.

துணியைத் திருப்பிப் பார்த்தேன். டி. கல்லுப்பட்டிக் கதர். அவன் அதில்தான் வரைவான். ஆனால் கதர் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

"இது யாருன்னு தெரியுமா உனக்கு?" என்று பாண்டிச்செல்வியைக் கேட்டேன்.

"உங்க அம்மா, சார்."

சார் என்றாள். அவளுடைய தாத்தா சோணைமுத்து என் அப்பாவை ஐயா என்று அழைத்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"எங்கம்மா படம் உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்கருந்தும் வரல சார். அங்கதான் வரைஞ்சாரு."

"யாரு பாத்தா?"

"நான். எனக்கு ஆறு வயசு. புளியங்கொட்டைப் பசை காய்ச்சித் துணியில தடவுவாரு. அதைக் கிண்டுறது என் வேலை."

புளியங்கொட்டைப் பசையைப் பற்றி மூன்று பத்திரிகைகளில் எழுதியிருக்கிறார்கள். படித்துவிட்டு வந்து சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"அப்ப நீ அவனுக்கு மகள்னு சொல்ல வாரியா?"

மீனா எழுதுவதை நிறுத்தினாள். பாண்டிச்செல்வி முகத்தில் மாற்றம் இல்லை.

"எங்கப்பா பேரு சின்னக்கருப்பன். நான் பொறந்த வருசமே கல்குவாரியில செத்துப்போனாரு. ஆதார்லயும் அந்தப் பேருதான் இருக்கு. பங்கு கேட்டு வந்துருவேன்னு பயப்படாதீங்க சார்."

"விக்கப் போறியா?"

"இல்ல."

"பின்ன இம்புட்டு வருசம் கழிச்சு எதுக்கு வெளிய எடுத்த?"

"வடக்க அலைஞ்சாருன்னு புத்தகத்துல போடப் போறாங்கன்னு கேள்விப்பட்டோம். அவரு எங்க வீட்டுல இருந்தாரு. எங்கம்மா கையிலதான் உசுரு போச்சு. அதுக்கு எங்ககிட்ட வேற சாட்சி இல்ல, இது ஒண்ணுதான்."

வந்த காரியம் வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். இந்தப் படம் உண்மை என்று நான் சொன்னால் அந்த நான்கு வருடமும் உண்மை என்று ஆகும். போலி என்று சொன்னால் அவள் சொல்வது எல்லாம் போலி. நான் எதிர்பார்த்தே வந்திருந்தேன். கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் போட்டோவைத் துண்டில் சுற்றி எடுத்துவந்திருந்தேன். அதைப் பிரித்து மீனாவின் கையில் கொடுத்தேன்.

"பாருங்க. எங்கம்மாவுக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணுபோல இருக்கும். இமை சரிஞ்சவ இல்ல. அடுத்தது, அந்தத் துளி. என் தம்பி நூத்துக்கணக்கான முகம் வரைஞ்சிருக்கான். எதுலயாவது கண்ணீர் இருக்கா? அழுகைய வரைஞ்சு ஆளை இழுக்குறவன் இல்ல அவன். எவனோ சினிமா பேனர்க்காரன் செஞ்ச வேலை இது."

மீனா போட்டோவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது பீமாராவ் ஸ்டுடியோவா?"

"பின்னால முத்திரை இருக்குமே" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். 'இது என் தாயைப் போல யாரோ வரைந்த படம். என் தாயின் இரு கண்களும் பழுதற்றவை. இது என் தம்பியின் கை அல்ல. சி. சிவனாண்டி, துணை வட்டாட்சியர், ஓய்வு.' எழுதும்போது எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. இரண்டு கண்ணாலும் நேராகப் பார்க்கும் அந்த முகத்துக்குத்தான் முப்பத்து நான்கு ஆண்டுகளாகக் காலையில் விளக்கேற்றி வருகிறேன்.

மூன்றாம் நாள் பாண்டிச்செல்வி அழைத்தாள்.

"நீங்க எழுதுனதப் படிச்சோம் சார். எங்கம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்றாங்க. ஒரே ஒரு கேள்வி. வர முடியுமா?"

கேள்வி கேட்க ஆள் வைத்து வீடியோ எடுப்பார்கள் என்று முதலில் தோன்றியது. போகாவிட்டால் பயந்துவிட்டான் என்பார்கள் என்று அடுத்துத் தோன்றியது. என் சித்தப்பா மகன் விருமாண்டியைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டேன். அவனுடைய பழைய வேனில் போனோம்.

"போலின்னு எழுதிக் குடுத்தாச்சு. அப்புறம் எதுக்குண்ணே அங்க போகணும்?" என்றான் நாகமலையைத் தாண்டும்போது.

"போகலைன்னா பயந்துட்டான்னு நெனப்பா."

"போனா மட்டும் பயப்படாமலா இருக்கீக? பேனாவச் சொருகச் சட்டைப் பைய முதுகுப் பக்கம் தேடிக்கிட்டு இருக்கீக."

பேனா என் கையில் இருந்தது. சட்டைப் பையில் வைத்தேன்.

"பேச்சக் கொறச்சுக்க. என்ன கேட்டாலும் நான் பதில் சொல்றேன். செல்போன வச்சு என்னமும் பண்ணுவாங்க."

"நான் என்னத்தப் பேசப் போறேன். இந்த ரோட்டுல நான் கடைசியா வந்தது அன்னைக்குத்தான்" என்றான் விருமாண்டி.

அன்றைக்கு என்று அவன் சொன்னது முத்திருளன் இறந்த நாளை. ஈரல் கெட்டுச் செத்தான். தகவல் வந்து, விருமாண்டி வேன் ஓட்ட, நான்கு பேர் போனோம். பகல் பதினொரு மணி. தங்கப்பொண்ணு அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வாய்க்கரிசி போட வேண்டும் என்று வேன் வரைக்கும் கையில் அரிசியோடு வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னது நான். வடக்கேயிருந்து உடல் வந்ததாக ஊரில் சொன்னோம்.

அதற்கு நான்கு ஆண்டு முன், ஆடியில், அம்மா இறந்தபோதும் விருமாண்டிதான் தூது போனான். செய்தி கேட்டு முத்திருளன் எங்கள் ஊர் பஸ் நிறுத்தம்வரை வந்திருந்தான். தங்கப்பொண்ணை விட்டுவிட்டு வருவதாக இருந்தால் வாசலுக்கு வரலாம் என்று சொல்லியனுப்பினேன். பந்தல் பிரிக்கும்வரை அங்கேயே நின்றுவிட்டுப் போனான் என்று சொன்னார்கள்.

சமணர் மலையடியில் தாமரைக் குளத்தைச் சுற்றிக் கல்லூரிப் பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அய்யனார் கோயிலைக் கடந்து காலனிக்குள் திரும்பினோம். சுண்ணாம்பு அடித்த கான்கிரீட் வீடு. வாசலில் ஸ்கூட்டர். பாண்டிச்செல்வி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள். சுவர்களைப் பார்த்தேன். கேமரா எதுவும் கண்ணில் படவில்லை.

தங்கப்பொண்ணு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுபது வயது. எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலியோ வேறு எதுவோ.

"வாங்க. விருமாண்டியும் வந்துருக்காரா. இன்னைக்கு வேன்ல ஏத்திட்டுப் போக இங்க ஒண்ணும் இல்லையே."

விருமாண்டி தரையைப் பார்த்தான். பாண்டிச்செல்வி டீ கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் நடுவே முக்காலியில் வைத்தாள். நான் எடுக்கவில்லை.

"கேக்கணும்னு சொன்னியாமே. கேளு" என்றேன்.

"உங்க ஆத்தாவுக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருந்துச்சுன்னு எழுதிருக்கீக. நெசமாவே அப்படி நெனச்சு எழுதுனீகளா, தெரிஞ்சே எழுதுனீகளா? அதைத்தான் கேக்கணும்."

"இது என்ன கேள்வி? போட்டோ இருக்கு."

"போட்டோ இருக்கட்டும். ஆத்தா எப்படி இருந்தா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். இரண்டு கண்ணும் நேராகப் பார்க்கும் அந்த முகம்தான் வந்தது. அது எங்கேயும் அசையாமல் சட்டத்துக்குள் இருந்தது. அம்மா களத்துமேட்டில் நடந்து வருவதுபோல், அடுப்பங்கரையிலிருந்து திரும்பிப் பார்ப்பதுபோல் நினைத்துப் பார்த்தேன். முகம் வரவில்லை.

தங்கப்பொண்ணு மெதுவாகச் சொன்னாள்.

"நான் அப்பக் கைப்புள்ள. வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு எங்காத்தா சோளத்தட்ட அறுக்குறா. உங்காத்தாவும் கூட நிக்கிறா. தட்ட நுனி வெடுக்குன்னு கண்ணுல ஏறிருச்சு. ரத்தம். உங்கய்யா சந்தைக்குப் போயிட்டாரு. எங்காத்தா அவளப் படுக்கவச்சு, தலைய மடியில தூக்கிக்கிட்டு, கண்ணப் பிரிச்சு, பாலப் பீச்சுனா. அன்னைக்கு மட்டும் இல்ல. மூணு நாளு. காட்டுல வச்சே, ஆளு பாக்காம. பார்வ தப்பிச்சுச்சு. எமை மட்டும் சரிஞ்சது சரிஞ்சதுதான்."

"உங்காத்தா சொன்னாளா இதை?"

"எங்காத்தா சொல்லவே இல்ல. உங்காத்தாதான் சொன்னா. எனக்குக் கல்யாணம் ஆனப்ப மாட்டுக்கொட்டத்துக்குக் கூப்புட்டு, ஒம் பங்குப் பாலக் கொஞ்சம் நான் வாங்கிட்டேண்டி, மனசுல வச்சுக்காதன்னா. அவருகிட்டயும் சொல்லிருக்கா. உங்ககிட்டச் சொல்ல வேண்டியது இல்லன்னாளாம். ஏன்னா நீங்க அங்கதான் நின்னீக. எட்டு வயசு. தண்ணிச் செம்ப வச்சுக்கிட்டு."

செம்பு என்றதும் அதன் கனம் கைக்கு வந்தது. கழுத்தில் நசுங்கிய பித்தளைச் செம்பு. தண்ணீர் கேட்கிறாள் என்று ஓடிவந்து, அவர்கள் இருந்த இருப்பைப் பார்த்து வரப்பிலேயே நின்றுவிட்டேன். அம்மாவின் தலை அந்தப் பெண்ணின் மடியில். கன்னத்தில் வெள்ளையாக வழிந்தது. அன்று சாயங்காலம் சந்தையிலிருந்து வந்த அப்பாவிடம் நான் சொன்னேன். அப்பா என்னை அடிக்கவில்லை. தோளில் கைவைத்து, இது வெளியே போனால் நம்ம வீட்டில் எவனும் பொண்ணு எடுக்க மாட்டான், நீ பார்க்கவில்லை என்றார். நான் பார்க்கவில்லை. அவ்வளவு ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருக்கிறேன்.

"அந்த வெள்ளைய மட்டும் மூணு நாளு வச்சாரு" என்றாள் தங்கப்பொண்ணு. "வைப்பாரு, அழிப்பாரு. கண்ணீரு மாதிரி ஆயிரக் கூடாதுன்னு. பெரிய காரியத்துக்கு வந்து பஸ் ஸ்டாப்புல நின்னுட்டுத் திரும்புனாரு பாருங்க, அந்த வாரம். குடிக்காம இருந்தது அந்த வாரம்தான்."

நான் எழுந்தேன்.

"டீய எடுக்கலையே" என்றாள்.

"வேண்டாம்."

"எங்க வீட்டுல குடிக்க மாட்டீக, தெரியும். எங்காத்தா பாலு உங்காத்தா கண்ணுக்குள்ளயே போயிருக்கு. டீயில என்ன வந்துரப் போகுது."

விருமாண்டி தன் டீயைக் குடித்து முடித்து, என்னைப் பார்க்காமல் என்னுடையதையும் எடுத்துக் குடித்தான். அவள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமலே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் போட்டோவை இறக்கி, என் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வலது கண்ணை அப்படியே திருப்பிப் போட்டதுதான் இடது கண். கண்மணியில் விழும் வெளிச்சம்கூட எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தது. ஒரு ஜன்னலுக்கு முன் உட்கார்ந்த மனிதருக்கு அப்படி விழாது. மீனா அன்றைக்கே பார்த்துவிட்டாள். அதனால்தான் ஸ்டுடியோ பெயரைக் கேட்டாள்.

பீமாராவ் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அம்மா இறந்த பதினோராம் நாள் படத்தைக் கொண்டுபோயிருந்தேன்.

"அம்மாவுக்கு எடது கண்ணு கொஞ்சம் சரிஞ்சிருக்கும்னு முத்திருளன் சொல்வானே சார். அப்படியே தொறக்கவா?"

"வேண்டாம். ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும்."

"உங்க தம்பி இங்க இருந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டான்."

"அவன் இங்க இல்ல" என்றேன்.

என் மகளைப் பெண் பார்க்க ஆவணியில் வருவதாக இருந்தார்கள். கூடத்தில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது அந்தப் படம்தான். குறை பரம்பரையில் வருமோ என்று நினைப்பார்கள், எப்படி வந்தது என்று விசாரிப்பார்கள். அதற்காகச் செய்தது. நல்ல இடத்தில் கல்யாணமும் முடிந்தது. போலி எங்கே, போலி எங்கே என்று நான் எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அது என் வீட்டுக் கூடத்தில், நான் சொல்லிச் செய்யவைத்தது, மாலையோடு இருந்திருக்கிறது.

இரண்டு நாள் கழித்து விருமாண்டி வந்தான். நான் எழுதிக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணே, அவன் அங்க இருந்தான்னு எழுதுங்க. படம் அவன் வரைஞ்சதுன்னு எழுதுங்க. அம்புட்டோட நிறுத்திக்கிருங்க. பால் விசயம் எதுக்கு? பங்காளிக சும்மா இருக்க மாட்டாங்க. படக்கூடத்துக்கு ஒரு பய வர மாட்டான்."

"துளி என்னன்னு மீனா கேப்பா."

"கண்ணீருன்னு சொல்லிருங்க. எல்லாரும் அப்படித்தான் நெனக்கிறாங்க."

"நாப்பது வருசம் நான் தெரிஞ்சு எதுலயும் பொய்க் கையெழுத்துப் போட்டது கிடையாது. அந்தப் பேர்லதான் ரிட்டையர் ஆனேன். இந்த மாசம் ஒண்ணு போட்டுட்டேன், தெரியாம. ரெண்டாவது தெரிஞ்சு போடச் சொல்றியா?"

"தெரியாமன்னு உங்களுக்கே நிச்சயமாத் தெரியுமாண்ணே?"

தங்கப்பொண்ணு கேட்ட அதே கேள்வி. நான் எழுத்தைத் தொடர்ந்தேன். குடும்பத்தின் மானம் என்று நான் காத்தது, என் கையெழுத்தை நம்பலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அதில்தான் நிற்கிறது. அதை வைத்துத்தான் அந்த நான்கு வருடத்தையும் வடக்கே அனுப்பியிருந்தேன்.

மீனாவுக்கு ஒரு விதி இருந்தது. சான்றுக் கடிதம் எதுவானாலும் படத்துக்கு உரியவர் படித்த பிறகுதான் அவள் வாங்குவாள். பாண்டிச்செல்வியை வரச் சொன்னேன். பகல் வேலை முடிந்து, ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு, முன்வாசல் வழியாக வந்தாள். உட்கார் என்று சொல்ல நான் யோசித்த நேரத்துக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். போட்டோ இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்ததைப் பார்த்தாள்.

கடிதத்தைக் கொடுத்தேன். உதடு அசைய மெல்லப் படித்தாள்.

'முன்பு நான் எழுதிக் கொடுத்த கடிதம் தவறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். இப்படத்தில் இருப்பவர் என் தாய் அழகம்மாள். இது என் தம்பி முத்திருளன் 1990 ஆடி மாதத்தில், கீழக்குயில்குடியில், திருமதி தங்கப்பொண்ணு அவர்களின் வீட்டில் வரைந்தது. இறக்கும்வரை அவர் அந்த வீட்டில்தான் வாழ்ந்தார், அங்கேயே இறந்தார். வட இந்தியாவில் அலைந்தார் என்று சொன்னவன் நான். அது உண்மை அல்ல. இடது கண் உள்ளபடியே வரையப்பட்டுள்ளது. வெள்ளைத் துளி கண்ணீர் அல்ல. தட்டை குத்திய அந்தக் கண்ணின் பார்வையைக் காப்பாற்ற, எங்களிடம் பண்ணையாளாக இருந்த சோணைமுத்துவின் மனைவி ஊற்றிய தாய்ப்பால். அதை நான் நேரில் கண்டேன்.'

இரண்டாம் முறையும் படித்தாள். தாளை மேசையில் வைத்தாள். அழுவாளோ, நன்றி சொல்வாளோ என்று எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவள் இரண்டும் செய்யவில்லை.

"ஒண்ணு விட்டுப்போச்சு சார்."

"எது?" இன்னும் என்ன கேட்கப் போகிறாளோ என்ற பழைய சந்தேகம் ஒரு நொடி தலைதூக்கியது.

"சோணைமுத்துவின் மனைவின்னு போட்டுருக்கீங்க. எங்க அம்மாச்சிக்குப் பேரு இருக்கு."

பேனாவைத் திறந்தேன். எழுதுவதற்கு எதுவும் வரவில்லை. எங்கள் கொட்டத்தில் நின்ற மாடுகள் அத்தனைக்கும் பெயர் தெரியும். மயிலை, செவலை, குட்டைக்கொம்பன் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். இருபது வருடம் தினமும் பார்த்த அந்தப் பெண்ணை அப்பா ஏ என்றார், நாங்கள் சோணைமுத்து பெண்டாட்டி என்றோம். அம்மா என்ன சொல்லி அழைத்தாள்? நினைவில்லை. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"என்ன பேரும்மா?"

"முனீஸ்வரி."

'மனைவி' என்பதற்குப் பிறகு மேலே ஒரு குறியிட்டு, எழுத்து எழுத்தாக அந்தப் பெயரைச் சேர்த்தேன். இடைச்செருகல் செய்த இடத்தில் ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது அலுவலக விதி. இட்டேன். தாளைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினேன், எழுத்து சரியா என்று பார்க்க.